மீன் சாப்பிடாத மீன்பிடிக்காரர்

போர் முடிந்த அந்த மே மாதம் எங்கள் வீட்டில் மீன் சமைக்கத் தடை. தடை போட்டவர் என் கணவர். வன்னியில் அகப்பட்ட தங்கச்சியின் குரலைக் கேட்கும்வரை மீன், இறைச்சி தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். அவர் தொடாத வீட்டில் நான் மட்டும் மீன்சட்டி வைக்க முடியுமா? நானும் பருப்புக்கறிதான்.

கடல் கடந்து வந்து குடியிருந்த டோர்செட் பார்க்கில் எங்கள் மாடி முழுக்க அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணை, வன்னியிலிருந்து மகன் எடுப்பான் என்று குளிக்கும்போதும் போனைக் கொண்டுபோனார்.

இவ்வளவுக்கும் என் மனுஷன் தூண்டில் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. "வீட்டில இருந்தால் விசர் பிடிச்சிடும்" என்று, லைசென்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்படுவார். துணைக்கு நானும் போவேன்.

கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொடுவார். காய்ந்த கை பட்டால் அதன் வழுவழுப்புப் போய் நோய் பிடிக்குமாம். தூண்டில் முள்ளை மெல்லக் கழற்றி, தண்ணீருக்குள் பிடித்திருந்து, வாலை அடித்ததும் விட்டுவிடுவார். "போ, உயிரோட போய்ச் சேர்" என்பார் ஒவ்வொன்றுக்கும். அவர் மீனோடு பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மீனைக் கண்டால் எனக்கு வாய் ஊறும். அதற்கு நான் என்ன செய்ய?

ஒருநாள் மீன்பிடி அதிகாரி ஒருவர் வந்து லைசென்சையும் வெறும் வாளியையும் பார்த்துவிட்டு, இவ்வளவு பொறுப்பான ஆளைக் கண்டதில்லை என்று புகழ்ந்தார். இவர் மேலே கையைக் காட்டினார். அதிகாரியும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை வராது என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. நேர்த்தி முடியும் நாளுக்காக, ஏரி மீனை எப்படிச் சாப்பிடலாம் என்று அரசாங்கம் போட்ட வழிகாட்டியைப் படித்து வைத்தேன். பெரிய மீனில் பாதரசம் கூடுதல், சின்னதே நல்லது. சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தோல், கொழுப்பு, தலை, சினை எல்லாவற்றையும் எறிய வேண்டும். யாழ்ப்பாணத்தாரிடம் மீன்தலையை எறியச் சொல்ல எவ்வளவு துணிச்சல்! ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இருந்த நிலைமையில் செதிலைத் தந்தாலும் குழம்பு வைத்திருப்பேன்.

ஜூனில் ஒரு காலை போன் அடித்தது. முகாமிலிருந்து, யாரிடமோ இரவல் வாங்கிய போனில், தங்கச்சி. "அண்ணை" என்று அவள் சொன்னதுதான் தாமதம், இவர் நிலத்தில் குந்திவிட்டார். நான் போனை வாங்கி நேர்த்திக் கதையைச் சொன்னேன். அங்கே சிரிப்புக் கேட்டது.

"விசர் மனுசன்! எனக்கும் சேத்துச் சாப்பிடச் சொல்லுங்கோ மச்சாள்."

அன்று பின்னேரமே ஏரிக்கரையில் நின்றோம். குழம்புக்குப் புளியும் ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தேன். வழிகாட்டி சொன்ன மாதிரியே அளவான ஒரு பேர்ச் மீன், மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகளோடு அகப்பட்டது. வாளியை நீட்டினேன். இவர் கையை நனைத்தார், முள்ளைக் கழற்றினார், குனிந்தார். மீன் போய்விட்டது.

"என்னப்பா, உங்களுக்கு விசரோ? அவள்தான் கதைச்சிட்டாளே!"

"ஓம், எங்கட ஆள் கதைச்சிட்டாள்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "எதிர்வீட்டு அண்ணைக்கு இன்னும் போன் வரேல்லை."

வெறும் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஊறிய புளியில் அன்றிரவு ரசம் வைத்தேன்.