தனியாக வந்தவள் என்று எழுதிவிட்டார்கள்

எங்கள் கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர். கொள்ளுப் பாட்டியும் கூடப் போனாள். தாத்தா அங்கே பிறந்து, நடக்கிற வயதில் அவர்களோடு ஊர் திரும்பினார். அந்தக் கொள்ளுப் பாட்டியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பழைய பெயருக்காக நான் வாங்காத கேலி இல்லை. பட்ட பாட்டுக்குப் பலனாகவோ என்னவோ, அவளை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குத்தான் முதலில் சுருக்கென்று தைக்கும்.

பெரியப்பா மகன், தாம்பரத்தில் இருக்கும் அண்ணன், ரிட்டயரான பிறகு வம்ச வரைபடம் போடுகிறேன் என்று கிளம்பினார். வண்டலூர் மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும்போது அச்சடித்துக் கொடுக்கப் போகிறாராம். அந்தக் காலத்துக் கப்பல் பதிவேடுகளை யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வரிசை நம்பர், பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பில் எங்கே தழும்பு என்பதுவரை இருக்கிறது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குகிற மாதிரிதான் எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். மாசக்கணக்கில் தேடி அண்ணன் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். "கொள்ளுப் பாட்டியும் கிடைத்துவிட்டார். கணவர் பெயர் காலியாக உள்ளது. தனியாக வந்த பெண் என்று குறிப்பு. முறையான கல்யாணம் நடந்ததாகத் தெரியவில்லை. எனவே வரைபடத்தில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்துள்ளேன்." கீழே நாலு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீர்மானிக்க இவர் யார்? அவள் இல்லையென்றால் இவர் ஏது, இவருடைய லேப்டாப் ஏது? உடனே போன் போட்டேன்.

"அண்ணா, அவரோட நம்பருக்கு அடுத்த நம்பர் அவளோடது. ரெண்டு பேருக்கும் ஒரே ஊர். இது போதாதா?"

"லைன்ல பக்கத்துல நின்னிருப்பாம்மா. நான் என்ன பண்றது? ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு. ரெக்கார்டு பொய் சொல்லுமா?"

போனை வைத்துவிட்டேன். அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குப் பல்லாவரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் டைப் அடித்துக்கொண்டே கேட்டாள். "ஹஸ்பெண்ட் பேரு சொல்லுங்கம்மா." அம்மா பேசவில்லை. நான் பையில் பழைய சீட்டைத் துழாவிக்கொண்டிருந்தேன். அம்மா முழங்கையால் என்னை இடித்தாள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அவர் பெயர் அம்மா வாயில் வராது. "அவங்கப்பாதான்" என்று என்னைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற கூட்டம்தான் கவலை. "ஹஸ்பெண்ட் இல்லையா? சிங்கிள்னு போட்டுடட்டா?"

"போடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

என் கொள்ளுப் பாட்டி மதராஸ் துறைமுகத்தில் நின்றதை அந்த நிமிஷம் கண்ணால் பார்த்தேன். புருஷன் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்கிறான். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். முன்னால் நிற்கிறவரைக் கையால் காட்டியும் இருப்பாள். நிமிர்ந்து பார்க்கப் பொறுமையில்லாமல் அவன் "தனி" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். அந்த அவசரக்காரன் போட்ட ஒரு சொல்லுக்காக, இத்தனை தலைமுறை கழித்து, சொந்தக் கொள்ளுப் பேரனே அவளை நடத்தை கெட்டவள் ஆக்குகிறான்!

கண்ணில் மருந்து விட்டிருந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே தாம்பரம் போனேன். அண்ணனிடம் விஷயத்தைக் கொட்டினேன். அவர் சிரித்தார்.

"நல்லா கதை விடறம்மா. கப்பல் ஏறப்போற எடத்துல ஆபீசர் கேட்டா கூடவா சொல்லாம இருப்பா? அவ்ளோ முட்டாளா ஒருத்தி இருப்பாளா?"

அண்ணி காபி கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிட்டே தொண்டை காய்ந்தவர்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன விளையாட்டு இது, உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

"போம்மா. கிளாஸ்ல அவர் பேர்ல ஒரு பையன் இருந்தான். அவனையே நான் ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அம்மா "பின்னே?" என்றாள். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "சரி சரி, போட்டுடறேன்" என்று லேப்டாப்பை இழுத்து ஏதோ தட்டி, என் பக்கம் திருப்பினார்.

கொள்ளுத் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம். அதில் "மனைவி" என்று இருந்தது. பெயர் இல்லை. அப்போதுதான் முழு வரைபடத்தையும் பார்த்தேன். பாட்டி, மனைவி. அம்மா, மனைவி. காபி டம்ளரோடு நிற்கிற அண்ணியும் மனைவி.

"பேரு எங்கே?"

"லேடீஸ் பேரெல்லாம் போட்டா எடம் பத்தாதும்மா. தாள்ல அடங்காது."

புருஷன் பெயரைச் சொல்லாமல் மரியாதை காத்தவளுக்கு இவர்கள் செய்கிற பதில் மரியாதை இது! கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அட்டெண்டன்ஸ் கூப்பிடுகிற அதே குரல்.

அண்ணன் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தான். எடம் பத்தலைன்னா உங்க பேரைச் சின்னதா போட்டுக்குங்க. முதல்ல அந்தம்மா பேரை அடிங்க. அப்புறம் என் பேரு."

அண்ணன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.