ஆறு வருஷத்தில் இரண்டரை இன்ச்

கடைத்தெருவில் அவரை 'அரை இன்ச் மாஸ்டர்' என்றால்தான் தெரியும். தைத்து முடித்த சட்டையில் அரை இன்ச் கூடிவிட்டால் போதும், பிரித்துப் போட்டுவிடுவார். போட்டுக்கொள்ளப் போகிறவரே "பரவால்ல மாஸ்டர், விடுங்க" என்று கெஞ்சினாலும் விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு ஆளின் அளவில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தார். அது அவர் மனைவி.

அந்தம்மா அவரைவிட இரண்டு விரற்கடை உயரம். சண்டை வந்தால், "கொஞ்சம் எக்கி நின்னு பேசுங்க, காது கேக்கல" என்பாள். அந்த உயரத்தில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அவளுக்குத் தைத்த நீளக் கவுன் முன்பக்கம் தரையைத் தொட்டது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டர் அளவு நோட்டைப் புரட்டினார். தையலில் தப்பில்லை. அவள்தான் உயரம் குறைந்திருந்தாள், முதுகும் லேசாக வளைந்திருந்தது. வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். "துணி மட்டம், தொங்கிப் போச்சு" என்று பழியைத் துணிமேல் போட்டு, முன்பக்கத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை. வருஷா வருஷம் முன்னால் குறைத்தார், பின்னால் கூட்டினார். அவள் கண்ணாடி முன் நின்று "கச்சிதம்" என்பாள். அசட்டு மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மாதம் ஈரத்துணி வாளியைத் தூக்கியவள், அலறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருப்பதாகச் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்து, நர்ஸ் நடத்தும் எலும்பு வகுப்புக்கும் அனுப்பினார்.

வகுப்பு என்றால் எட்டு நாற்காலி, சுவரில் உயரம் பார்க்கும் பட்டை, அவ்வளவுதான். வாரம் ஒரு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு; அப்புறம் அரை மணி நேரம் சாப்பிடவும் கூடாது, படுக்கவும் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. வழுக்கும் மிதியடியை எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நர்ஸ் ஒவ்வொருவரிடமும் தனியாக வந்தாள்.

"அம்மா, உங்க உயரம் குறைஞ்சிருக்கா? பழைய துணியெல்லாம் நீளமாயிட்ட மாதிரி தெரிஞ்சுதா?"

"அதெல்லாம் இல்லம்மா. எல்லாம் இவர் தைச்சதுதான். இன்னைக்கும் அளவெடுத்தாப்பல இருக்கு."

"சரி, குறையலன்னு எழுதிக்கறேன்."

பேசாமல் இருந்துவிடலாமா என்று மாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை.

"எழுதாதீங்க சிஸ்டர்" என்றார். "ரெண்டரை இன்ச் குறைஞ்சிருக்கா. ஆறு வருஷமா."

நர்ஸின் பேனா நின்றது. "அப்பவே வந்திருந்தா, இது நசுங்காம பாத்திருக்கலாமே ஐயா."

"இப்ப நிமிர்த்த முடியாதா?"

"நசுங்கினது நசுங்கினதுதான். இனிமே ஒடையாம பாத்துக்கணும்."

பிரித்துத் தைக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்பது அந்தக் கைகளுக்குப் புதிது. என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி சுவரில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து படிக்கட்டு அருகில் நின்றார்கள்.

"நீ வருத்தப்படுவேன்னுதான்..." என்று இழுத்தார்.

"பட்டிருப்பேன்" என்றாள் அவள். "நாலு நாள் உக்காந்து அழுதிருப்பேன். அஞ்சாம் நாள் டாக்டர்கிட்ட போயிருப்பேங்க."