அப்பா பேசாமல் இருந்த முக்கால் மணி நேரம்

அப்பாவின் சலூனில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலி அவருடையது. அதன் பின்னால் நின்றபடி முப்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். முகத்தில் நுரையும் தொண்டையில் கத்தியும் இருக்கும்போது யாரும் குறுக்கே பேச முடியாது என்பது அவருக்கு ரொம்ப வசதி.

அவருடைய கதைகளில் நன்றாக ஓடியது பல் கதை. ரூட் கேனால் செய்யும்போது நரம்பைப் பட்டம் விடும் நூல் மாதிரி இழுப்பார்களாம். ஒருவர் அலறிய அலறலில் தெருவிளக்கே அணைந்துபோனதாம். அதே தெருவில் இருக்கும் பல் டாக்டர் சவரம் செய்துகொள்ள வரும் ஞாயிறுகளில் இந்தக் கதை கட்டாயம் உண்டு. பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து அப்பா சொல்வார். நுரைக்குள்ளிருந்து டாக்டர் கண்ணை மட்டும் உருட்டுவார்.

போன மாதம் அப்பாவின் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. ஒரு பக்கமாகவே மென்றார். பிறகு காற்று பட்டாலே சுரீர் என்றது. பேச்சு நின்றுபோய், கடையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. "வீட்ல ஏதாவது சண்டையா?" என்று ஒரு வாடிக்கையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

அடுத்த ஞாயிறு டாக்டர் வந்தார். அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கும் போல. இப்ப வந்தா பல்லைக் காப்பாத்திடலாம்ணே. இன்னும் தள்ளிப்போட்டா பிடுங்கத்தான் வேணும்" என்றார்.

இரண்டு முறை கிளம்பிப்போன அப்பா, கிளினிக் படியோடு திரும்பி வந்தார். "படி ஏறினதும் வலி போயிடுச்சு" என்றார். சொல்லிச் சொல்லி அந்தக் கதையை அவரே நம்பிவிட்டார் என்பதுதான் விஷயம்.

"ஊரைப் பயமுறுத்துறப்ப இருந்த வீரம் எங்கங்க போச்சு?" என்று கேட்ட அம்மா, மூன்றாவது முறை என்னையும் கூட அனுப்பினாள்.

உள்ளே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பல் பிழைத்துக்கொள்ளும் என்றார். "ஊசி கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். இன்னிக்கு அதுதான்ணே பெரிய கஷ்டம்." அப்பாவின் கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டன. பத்து நிமிடத்தில் உதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. எச்சில் பல்லுக்குள் போகாமல் இருக்க ஒரு பச்சை ரப்பர் ஷீட்டை வாய்மேல் விரித்து, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே எட்டிப் பார்க்க வைத்தார்கள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்" என்ற டாக்டர், பல்லில் துளை போட்டு முடித்ததும் நிதானமாகத் தொடங்கினார். "சரிண்ணே, இப்ப என் முறை. நரம்பை நூல் மாதிரி இழுப்பேன்னு சொல்வீங்களே, இதுதான் அந்த நூல். ஊசியை விட மெல்லிசான அரம். வேருக்குள்ள கெட்டுப்போனதைச் சுரண்டி எடுக்குது, அவ்வளவுதான்."

இடது கை மேலே போனது. டாக்டர் நிறுத்தினார். "வலிக்குதா?"

இல்லை என்று தலை ஆடியது.

"தெருவிளக்கு அணைஞ்சுதே, அந்த ஆளு யாருண்ணே? நம்ம தெருவுல ரூட் கேனால் பண்றது நான் ஒருத்தன்தான்."

மறுபடியும் கை.

"அப்புறம், உங்க கிட்ட வந்துட்டுப் போனாலே எனக்கு ஒரு பக்கக் கிருதா ஏறித்தான் இருக்கு."

இப்போது இரண்டு கைகளும் மேலே போயின. உதவிக்கு நின்ற நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அண்ணே, கை வலிக்கு மட்டும்தான். மறுப்பு சொல்றதுக்கு இல்ல."

அதற்குள் கால்விரல்கள் எப்போதோ நிமிர்ந்துவிட்டன. கோபத்தில் பயப்பட மறந்துவிட்டார். வேர்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"அடுத்த வாரம் வேரை நிரப்பிட்டு, அப்புறம் மேல கேப் போட்டுடலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதீங்க. ரெண்டு மூணு நாள் லேசா வலி இருக்கும், மாத்திரை தரேன். மரத்தது தெளியாம சாப்பிட்டுடாதீங்க, நாக்கைக் கடிச்சுக்குவீங்க."

வெளியே காத்திருந்த மூன்று பேரும் அப்பாவின் வாடிக்கையாளர்கள்தான். தொங்கிய உதட்டோடு அவர் வந்ததைப் பார்த்ததும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த வாத்தியார் எழுந்துவிட்டார்.

"மூஞ்சியே கோணிப் போச்சே. நான் இன்னொரு நாள் வரேன்."

"மரத்திருக்கு வாத்தியாரே. ஒண்ணுமே வலிக்கல" என்றார் அப்பா, குழறிக்கொண்டே.

"தெருவிளக்கு அணைஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். கதவருகில் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அது நான் விட்ட கதை" என்றார் அப்பா. தன் கதை எதையும் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு வாத்தியாரின் தோளை அழுத்தி உட்கார வைத்து, இரண்டு விரலால் தலையை நேராக்கினார். "அசையாம உக்காருங்க. வேணும்னா நானும் உள்ள வரேன். நான் பேசிட்டே இருக்கேன், உங்களுக்கு நேரம் போறதே தெரியாது."

"அது மட்டும் வேணாம்ணே" என்றார் டாக்டர்.

வாத்தியார் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போனார். "வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் கேட்கவில்லை. வாத்தியார் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்து, கடைவாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் அந்த மெல்லிய அரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.