விமானிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ்

என் பெரியப்பா மகனுக்கு விமானி ஆகும் ஆசை வந்தபோது எனக்கும் வந்தது. அவனுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அவன் பன்னிரண்டாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. அவன் சொன்னதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் சொன்னதும் பெரியப்பா, "ஒனக்கெதுக்கு தாயி அம்புட்டு உசரம்?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அண்ணனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவன் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வீட்டில் பிறந்துவிட்டு, சிவப்புத் தாள் சுற்றிய வெடியை எடுத்து வா என்றால் பச்சைத் தாள் சுற்றியதை எடுத்து வருவான். "அவனுக்கு நெனப்பெல்லாம் ஆகாசத்துல" என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னார்கள். நான் அப்படிச் செய்திருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் ஆள் பழக்கத்தில்தான் தொடங்கும். பழக்கமோ கிஃப்ட் பாக்ஸில் தொடங்கும். லாரி ஆபீஸ், பேங்க், டாக்டர் என யாரைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு பெட்டிப் பட்டாசு. எங்கள் மதுரை ஏஜெண்டின் மாடியில் ஒரு பெண் விமானி குடியிருந்தார். டூட்டி முடித்து வரும்போது விமான நிலையத்தில் சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காரில் ஏற்றினார். நான் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்கே நடந்தார். துப்பாக்கியோடு நின்ற காவலர் உள்ளே என்ன என்று கேட்டார்.

"பட்டாசு சார். நம்ம கம்பெனி சரக்கு. ஒங்களுக்கும் காருல ஒண்ணு இருக்கு."

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? சுற்றி நின்று விசாரித்தார்கள். பெரியப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கடைசியில் திட்டி, பெட்டியோடு கார் நிறுத்தும் இடத்துக்கு விரட்டிவிட்டார்கள்.

சிறிது நேரத்தில் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டைகளுமாக அந்த விமானி அங்கேயே வந்தார். "பட்டாசோட வந்தது நீங்கதானா? உள்ள எல்லாருக்கும் உங்களைத் தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தார். என் சந்தோஷம் அத்தோடு போயிற்று.

அண்ணன் ஏதோ தனியாகக் கேட்க வேண்டும் என்றான். பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போனான். தூரத்தில் நின்று, அவர் பெட்டி மூடியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்க, இவன் பதில் சொன்னான். பேச்சு காதில் விழவில்லை; படங்கள் எனக்குத் தெரிந்தவைதான். புஸ்வாணம், சங்குசக்கரம், ராக்கெட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன். இவனிடம் போய்க் கேட்கிறாரே! நான் ஓடப் பார்த்தேன். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இரு தாயி, பெரியவுக பேசுறாக."

விமானியின் சிரிப்பு நின்றது. அவன் தோளில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

திரும்பும்போது பெரியப்பா உற்சாகமாக இருந்தார். "ஏலே, பழக்கம் பிடிச்சாச்சுலே!" அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரியாபட்டி தாண்டியதும், விமானி கொடுத்த விசிட்டிங் கார்டை என் கையில் வைத்தான்.

"நீ வச்சுக்க புள்ள. வளந்ததும் போன் போட்டுக் கேளு."

நம்பரை மனப்பாடம் செய்துகொண்ட திமிர் என்றுதான் நினைத்தேன்.

விமானி விரல் வைத்துக் கேட்டவை வெடிகளின் பெயர்கள் அல்ல, நிறங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்ணை விமானம் ஓட்ட விடமாட்டார்கள் என்பதோ, அந்தச் சந்தேகத்தைக் கேட்கத்தான் அவன் அவ்வளவு தூரம் வந்தான் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கை என் தோளில் விழவில்லையே என்றுதான் ஊர் வந்து சேரும்வரை அழுதுகொண்டிருந்தேன்.