உள்ளங்கைச் சூட்டில் அணையும் ஒளி

ஜெர்மனியில் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் மேசையிலிருந்த ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் எடுத்தேன். பக்கத்து மேசை அன்னிகா, "கையில் பிடிக்காதே!" என்று பதறிப் பிடுங்கிக்கொண்டாள். என் கை என்ன அவ்வளவு அழுக்கா? சில நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே கூப்பிட்டுப் புறஊதா டார்ச்சை அடித்துக் காட்டினாள். குப்பிக்குள் இருந்த ஜெல் நீலமாக ஒளிர்ந்தது. என் உள்ளங்கையில் வைத்தாள். ஒளி மங்கி அணைந்தது. பனி விழும் ஜன்னலோரம் வைத்ததும் திரும்ப வந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகப் பற்றிக் கூடி நிற்கும்வரைதான் அந்த வெளிச்சம். சூட்டில் பிரிந்தால் இருட்டு. செம்பு கலந்த தண்ணீர் பட்டாலும் இருட்டு, ஆனால் அப்போது குளிர வைத்தாலும் ஒளி திரும்பாது. உயிரில்லாத ஒரு பொருளுக்கு இத்தனை உணர்ச்சியா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஒரு மே மாத விடுமுறையில் அந்தக் குப்பிகளோடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சவரி அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி நிறைமாதம். வீட்டை அடுத்து முலாம் பூசும் பட்டறை வந்ததிலிருந்து போர் தண்ணீரில் செம்பு இறங்கிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. கதவைச் சாத்தி, செம்பு இருந்தால் ஒளிராது என்று சொல்லி, ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரைச் சொட்டி, டார்ச்சை அடித்தேன். ஒளியே இல்லை.

"இன்னாடா, ஒண்ணும் தெரியலியே?" என்றார் அண்ணன்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி நாளா இதையா குடிச்சிக்கினு இருந்தேன்?"

தண்ணீரே படாத இன்னொரு குப்பியில் டார்ச்சை அடித்தேன். அதுவும் அணைந்திருந்தது. சனியன் பிடித்த வெயில்!

"அண்ணே, ஜல்தியா ஐஸ் வேணும்!"

கரண்ட் போய் பிரிட்ஜில் எல்லாம் உருகிக் கிடந்தது. பொம்மையார்பாளையத்திலிருந்து வண்டியில் வரும் மீன்காரரிடம் அண்ணன் ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்தார். மீன் வாடையடித்த அந்த ஐஸில் இரண்டு குப்பிகளையும் நிறுத்தினோம். அடியில் ஒரு நீலக் கீற்று தெரிந்தது, பிறகு குப்பி முழுக்க. இரண்டும் ஒன்று போலவே ஒளிர்ந்தன. "யேசுவே!" என்று அண்ணி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. செம்பு இல்லை, மற்ற உலோகங்களுக்கு டவுன் லேபில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றேன். அங்கும் ஒன்றுமில்லை என்று சில நாளில் முடிவு வந்தது.

முடிவு வந்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு அண்ணி எல்லோருக்கும் போர் தண்ணீரை மொண்டு வைத்தார். என் இலைக்கு முன்னால் மட்டும் சீல் உடைக்காத ஒரு பாட்டில்.

"நீங்க இத்த குடிங்க தம்பி. நம்ம தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது."

நல்ல தண்ணீர் என்று நானே காட்டியதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். போன முறை வந்தபோது அதைக் குடித்துவிட்டு நான் வயிற்றுப்போக்கில் கிடந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. மூடியைத் திருகினேன்.