கொண்டை வெளுத்த கோழி

நாமக்கல் பக்கத்துப் பண்ணையொன்றில் சீக்குக் கோழிகளைப் பொறுக்குவது அருணகிரியின் வேலை. கொண்டை வெளுத்திருந்தால் போதும், கூண்டைத் திறந்து கழுத்தைத் திருகிவிடுவார். மற்ற கோழிகளுக்குப் பரவிவிடும் என்பதால் யோசிக்கவே மாட்டார்.

அவருடைய மகள் மதுமதிக்கு ரத்தப் புற்றுநோய். எந்த மருந்துக்கும் கேட்காமல் போகவே, டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார்.

“நம்ம ரத்தத்துல இயற்கைக் கொல்லி அணுக்கள்னு இருக்கு. கெட்டுப்போன அணுவைப் பார்த்ததுமே கொன்னுடும். பாப்பாவோடது சோர்ந்துபோச்சு. உங்களோடதைப் பிரிச்சு ஏத்திப் பார்க்கலாம்.”

அருணகிரிக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. போன வாரம் அவர் திருகிய கோழியொன்றை அறுத்துப் பார்த்தபோது, சீக்கு எதுவும் இல்லை. வயிற்றுக்குள் ஓடு கட்டிய முட்டை இருந்தது.

“ஏனுங்க, அதுங்க நல்லதையும் சேத்திக் கொன்னுபோடாதுங்களா?”

“பெரும்பாலும் கொல்லாதுங்க.”

பொருத்தம் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டுமென்று நர்ஸ் வந்தார். அருணகிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். இத்தனை வருஷமாக எந்தக் கழுத்தையும் யோசிக்காமல் திருகியவர், ஊசி ஏறும் முன் நர்ஸிடம், “பெரும்பாலும்னா எத்தனைங்க?” என்று கேட்டார்.