பக்கத்து சீட்டில் திறக்கட்டும்

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார். வந்தபின் அவரை யாராலும் அவசரப்படுத்த முடியாது. கேபிளைச் செருகுமுன் இரண்டு முனையையும் ஊதிப் பார்ப்பார். "கல்யாணத்தன்னைக்கே லேட்டா வந்த மனுஷன்" என்று அவர் மனைவி போனிலேயே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

கட்டட வரைபடம் போடுகிற சின்ன அலுவலகம். அலுவலகத்தை நடத்துகிற அக்கா விண்டோஸ் கணினியில் வரைவார். அவருடைய தம்பி மேக்கில் அந்தக் கட்டடங்களுக்கு வண்ணம் கொடுப்பார். நடுவே பென்டிரைவ் மேசைக்கு மேசை பறக்கும். அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் எல்லார் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி நிதானம் லினக்ஸில் ஒரு சர்வர் வைத்தார். ஆளுக்கொரு கடவுச்சொல், இருவரும் திறக்கிற மாதிரி ஒரு பொது ஃபோல்டர்.

அக்காவின் பழைய கணினியை அழித்து அன்றே ஒரு பள்ளிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அக்கா காலையிலேயே தன் வேலையை எல்லாம் சர்வரில் போட்டுவிட்டார். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய நூலக வரைபடமும் அதில்தான். பழையதை அழித்துவிட்டால் வேறு நகல் கிடையாது.

கணினியை எடுத்துப்போக வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"அழிச்சுடுங்கண்ணா, வண்டிக்காரர் நிக்கிறார்" என்றார் அக்கா.

"பக்கத்து சீட்ல திறந்து பாத்துடலாம்மா."

"என் சீட்லதான் திறக்குதே, இதோ!" நூலகம் திரையில் விரிந்தது.

"உங்க சீட்ல திறக்கும். எங்க வீட்டுச் சமையல் பிரமாதம்னு நானே சொன்னா எடுபடுமா? மச்சான் சாப்பிட்டுட்டுச் சொல்லணும்."

"அவன் மேக்ல என்ன திறக்கப்போகுது? அதை அழகுக்கு வச்சிருக்கான்."

"எனக்குக் காது கேக்குதுக்கா" என்றார் தம்பி.

அவர் பொது ஃபோல்டருக்குள் போய் நூலகத்தை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" அக்காவுக்கு ஜெயித்த சந்தோஷம்.

நிதானம் சிரிக்கவில்லை. கோப்பின் அளவைப் பார்த்தார். ஒரு கதவு வரைவதற்குக்கூடப் போதாத அளவு. அக்கா சர்வருக்கு இழுத்துப் போட்டிருந்தது கோப்புகளை அல்ல, அவை இருக்கும் இடத்தைத் திரையில் காட்டுகிற ஷார்ட்கட்டுகளை மட்டும். அங்கே போய்ச் சேர்ந்தது வழிகாட்டிப் பலகை. வீடு இன்னும் பழைய கணினியிலேயே இருந்தது. அதனால்தான் அவர் சீட்டில் மட்டும் திறந்திருக்கிறது.

அக்கா ஓடிவந்து அந்த அளவைக் குனிந்து பார்த்தார். "அழிச்சிருந்தா?"

"அழிக்கலையே. வண்டிக்காரருக்கு ஒரு காபி குடுங்க."

நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அசல் கோப்புகள் ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. நிதானம் கையைக் கட்டிக்கொண்டு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பழைய கணினி முன் போய் உட்கார்ந்தார். "இப்ப அழிக்கலாமாம்மா?"

"இருங்கண்ணா." அக்கா தம்பியின் மேசைக்குப் போனார். "கொஞ்சம் நகருடா."

அந்த மேக்கை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நூலகம் திறந்தது. மூடினார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததை. வெளியே ஹார்ன் சத்தம்.

"அடிக்கட்டும்" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.